குதிரையை வருத்தும் ஈயும் கமக்காரரின் எருக்குவியலும்

மலைநாட்டில் ஈக்களின் தொல்லை மிகுவது மாசிக் கடைசி தொடங்கிச் சித்திரை முடியும் வரையிலாகும். பகலில் வெயில் ஏறுகிறது. பிற்பகலில் இடியோடு ஒரு மழை பெய்து குப்பை கூளங்களை நனைத்துவிட்டுப் போகிறது. சூடும் ஈரமும் ஒருங்கே சேர்ந்த இக்காலத்தைப்போல் ஈக்கு உகந்த காலம் வேறில்லை. நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டில் அமைந்த பந்தயத் திடலில் குதிரையோட்டம் நடைபெறுவதும், கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளுக்கு ஓயாத வேலை கிடைப்பதும் இதே மாதங்களில்தான். ஆண்டில் எப்போது குதிரை நல்ல நிலையில் இருக்க வேண்டுமோ, அப்போதே ஈயும் அதனை அதிகமாக வருத்துகிறது.

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்குக் குதிரையைப் பற்றிய துண்டுப்பிரசுரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உங்களுள் குதிரை வளர்ப்போர் சிலரே. மாடு வளர்ப்போர் பலர். ஆனால் குதிரை கட்டும் இலாயத்திலிருந்து வெளியேறும் இலத்தி லீக்ஸ் பாத்திக்கும் கரட் பாத்திக்கும் எருவாக வந்து சேருகிறது. இலாயத்தில் விரிக்கும் வைக்கோல் வலப்பனை, ஹங்குரான்கெத்தப் பகுதிகளைப் போன்ற வயற்புறங்களிலிருந்து போகிறது. பாத்தியோரத்தில் கொட்டிக்கிடக்கும் எருவிலும், அறுவடைக்குப்பின் அழுகும் இலை தழையிலும் பிறக்கும் ஈ, திரும்பவும் குதிரையின்மேலும் மாட்டின்மேலும் போய் உட்காருகிறது. ஆகவே குதிரைக்காரர் எவ்வளவு முயன்றாலும், கமக்காரர் ஒத்துழையாவிட்டால் ஈ குறையாது. குதிரைக்கென்று இங்கே சொல்லப்படுவனவற்றுட் பெரும்பாலானவை மாட்டுக்கும் பொருந்தும். பொருந்தாத இடங்கள் பின்னர்த் தனியாகக் காட்டப்படும்.

ஈ கடித்தால் விலங்கு வாலை வீசும், காலை உதறும், அவ்வளவுதானே என்று எண்ணுவது தவறு. நாள் முழுவதும் காலை நிலத்தில் உதைத்துக்கொண்டிருக்கும் குதிரைக்கு லாடம் தளர்ந்து கழலும். குளம்பின் ஓரம் வெடிக்கும். அது ஆற அமர நின்று தீன் தின்னாது. இரவில் அயர்ந்து நில்லாது. சில கிழமைகளில் விலா எலும்பு தெரியத் தொடங்கும். பால்மாடாயின் பால் குறையும். இவை யாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. வயிற்றின் கீழே ஈ கடிக்க, திடீரெனத் துள்ளி உதைக்கும் மட்டக்குதிரையின் முதுகில் அந்நேரம் ஆறு வயதுப் பிள்ளையொன்று இருக்கக்கூடும்.

ஈக்களை இனங்காணல்

எல்லா ஈயும் ஓரினமல்ல. இனம் அறியாமல் மருந்து தேடுவோர் காசையே இழப்பர்.

குதிரையின் கண்ணோரத்திலும் மூக்கிலும் புண்ணிலும் மொய்ப்பது பெரும்பாலும் நாம் சமையலறையிற் காணும் வீட்டு ஈயும் அதன் இனத்தவையுமாகும். இது கடிப்பதில்லை, கண்ணீரையும் வியர்வையையும் நக்கும். ஆயினும் ஒரு கண்ணிலிருந்த நோயை மறுகண்ணுக்கும், ஒரு குதிரையிலிருந்து மறு குதிரைக்கும் கொண்டுபோகும். லயன் அறைகளில் உணவின்மேல் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொடுப்பதும் இதுவே.

இரண்டாவது, கொட்டில் ஈ. பருமனிலும் நிறத்திலும் வீட்டு ஈயைப் போன்றதாதலால் பலர் இரண்டையும் ஒன்றென்றே கருதுகின்றனர். குனிந்து பார்த்தால் வேறுபாடு தெரியும்: தலையின் முன்புறம் ஊசிபோல் விறைத்த ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் இருக்கும்போது இது பெரும்பாலும் தலையை மேலே வைத்தே இருக்கும். ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிப்பவை. முழங்காலுக்குக் கீழேயே மிகுதியாகக் கடிக்கும். சில நிமிடங்களில் வயிறு நிரப்பிக்கொண்டு, அண்டையிலுள்ள வேலியிலோ வெயில்பட்ட சுவரிலோ போய் ஒட்டிக்கொள்ளும். இதனால், கடித்த ஈயை விலங்கின் உடலில் தேடினால் அகப்படாது. குதிரை ஓயாமல் முன்னங்காலை உதைக்கிறதா? அப்படியாயின் கொட்டில் ஈ என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

மூன்றாவது, பெரிய குதிரையீ. தேனீயிலும் பருத்தது, கண் பளபளக்கும். பெண்ணீ மட்டுமே இரத்தம் குடிக்கும். இது தோலைக் கத்திபோற் கீறுவதனால் கடித்த இடத்தில் இரத்தம் துளிர்த்து நிற்கும். நீர்க்கரையிலும் சதுப்பிலும் வளருவதால் எருக்குவியலைத் திருத்துவதனால் இது குறையாது. ஆயினும் நல்வாய்ப்பாக, இருண்ட கொட்டிலுக்குள் நுழைய இது விரும்புவதில்லை. உச்சிவெயில் நேரத்தில் விலங்கை உள்ளே கட்டுவதே இதற்கு முதல் மருந்து.

மாலையிலும் விடியலிலும் காற்றில்லாத வேளையில் வந்து பிடரியிலும் வாலடியிலும் கடித்து, குதிரை மரத்தில் உராய்ந்து மயிரை இழக்கச் செய்யும் கடுகளவான கடிபூச்சிகளும் உண்டு. இவை பறப்பில் வலுவற்றவை. காற்றோட்டம் உள்ள மேட்டில் நிற்கும் குதிரையை அணுகமாட்டா. கொட்டிலில் மின்விசிறி ஒன்று ஓடினால் அதுவே போதும். மின்கம்பி குதிரையின் வாய்க்கெட்டாத உயரத்தில் இருத்தல் அவசியம்.

இன்னுமோர் ஈ கடிப்பதுமில்லை, நக்குவதுமில்லை. குதிரையின் கால் மயிரில் மஞ்சள் நிறமான சிறு முட்டைகளை ஒட்டவைத்துவிட்டுப் போகும். குதிரை நக்கும்போது புழு வாய்வழி சென்று இரைப்பையில் தங்கும். இத்தகைய முட்டைகளைக் கண்டால், வெந்நீரில் தோய்த்த துணியால் நன்றாகத் தேய்த்தோ, மயிரை மழித்தோ அகற்றி, வயிற்றிலுள்ள புழுவுக்குரிய மருந்தைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

ஈ பிறக்கும் இடம்

வீட்டு ஈ ஒன்று ஒரே தடவையில் நூறு முட்டைகள் வரை இடும். வாழ்நாளில் ஐந்தாறு தடவை இடும். முட்டை ஒரு நாளில் பொரிக்கும். புழு ஏறத்தாழ ஐந்து நாள் இலத்தியைத் தின்று வளர்ந்து, காய்ந்த ஓரமொன்றைத் தேடிச் சென்று கூடாகும். அதிலிருந்து இன்னும் ஐந்தாறு நாளில் ஈ வெளிப்படும். வெப்பமான இடங்களில் முட்டையிலிருந்து ஈயாகும் வரை பத்து நாள் போதும். கொட்டில் ஈக்கு இரண்டு மூன்று கிழமைகள் செல்லும்.

“எங்கள் ஊர் குளிர் ஊராயிற்றே, இங்கே இவ்வளவு விரைவில் வளருமா?” என்று நுவரெலியாக் கமக்காரர் கேட்பதுண்டு. வெளியிற் கிடக்கும் சிறு சாணத்தில் வளர்ச்சி தாமதிக்கும் என்பது மெய்தான். ஆனால் குவியல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை மறக்கலாகாது. காலைப் பனியில் எருக்குவியலிலிருந்து ஆவி எழுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதன் நடுப்பகுதி புழுவைக் கொல்லும் அளவுக்குக் கொதிக்கிறது. வெளிப்புறத்திலுள்ள சில அங்குல ஆழமோ புழுவுக்கு இதமான சூட்டோடும் ஈரத்தோடும் இருக்கிறது. ஊர் குளிராயிருந்தாலும் குவியலின் ஓரம் புழுவுக்கு அடைகாக்கும் கோழியின் சிறகுபோலவே உதவுகிறது. அந்தச் சில அங்குலத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் ஈத்தடுப்பு முழுவதும் தங்கியிருக்கிறது.

கொட்டில் ஈயின் சங்கதி கமக்காரரை இன்னும் நெருங்கியது. அது தனிச் சாணத்தைவிட, சிறுநீரில் நனைந்த வைக்கோலையும், சாணத்தோடு கலந்து புளித்த புல்லையும், அழுகும் மரக்கறிக் கழிவையுமே பெரிதும் விரும்பும். இதற்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் நடந்தது தக்க சான்றாகும். பேர்த் நகரைச் சூழ்ந்த மணற்பாங்கான சமவெளியில் மரக்கறிச் செய்கை பெருகியபோது, மக்காத கோழியெருவையும் அறுவடைக்குப்பின் வயலிற் கிடந்த கழிவையும் பற்றிக் கொட்டில் ஈ பெருகியது. அண்டையிலிருந்த குதிரைகளும் மாடுகளும் தாங்கொணாத கடிக்கு ஆளாயின. இறுதியில் 2013ஆம் ஆண்டில் அந்த ஈ சட்டப்படி அறிவிக்கப்பட்ட பீடையாயிற்று. மக்காத கோழியெருவைப் பயன்படுத்துவதற்கும் கட்டுப்பாடு வந்தது. கவனியுங்கள்: கடிபட்டது குதிரை, ஆனால் சட்டம் போய்ப் பிடித்தது மரக்கறித் தோட்டத்தை. மலைநாட்டிலும் கோழியெருவை மூட்டை மூட்டையாக இறக்கிப் பாத்தியோரத்தில் மழையில் நனையவிடும் வழக்கம் உண்டு. நம்மிடையே அத்தகைய சட்டம் வரும்வரை காத்திராமல் நாமே திருந்திக்கொள்வது நலம்.

எருவைக் குவிக்கும் முறை

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு கூடைச் சாணத்தின் அருமையை மலைநாட்டுக் கமக்காரர் நன்கறிந்தனர். தடை அவ்வாண்டிலேயே தளர்த்தப்பட்டது. ஆயினும் சாணத்தைத் தேடும் பழக்கம் பலரிடம் நிலைத்துவிட்டது. நல்லதே. ஆனால் அருமையான பொருளைத் திறந்த வெளியிற் கொட்டி, மழையில் அதன் சத்தைக் கானில் ஓடவிட்டு, மிச்சத்தை ஈப்புழுவுக்குத் தீனியாக்குவது எருவையும் இழந்து ஈயையும் வளர்ப்பதாகும்.

450 கிலோகிராம் எடையுள்ள குதிரையொன்று நாளொன்றுக்கு இலத்தியும் சிறுநீருமாக 20 கிலோகிராமுக்கு மேல் இடும். மட்டக்குதிரை அதன் எடைக்கேற்பக் குறைவாக இடும். இலத்தியைக் காலையும் மாலையும் வாரிவிட வேண்டும். காலை இட்டதை அடுத்த நாட் காலை வரை விட்டுவைத்தால், ஈ தன் முட்டையை இட்டு முடித்திருக்கும். பின்பு நீங்கள் வாரிச் செல்வது இலத்தியை மட்டுமன்று.

குவியலுக்கு இடம் தேரும்போது, கொட்டிலுக்கும் லயனுக்கும் குறைந்தது 100 அடி தள்ளி, ஓடையிலிருந்து விலகிய மேட்டு நிலத்தைத் தேருங்கள். தரையை இறுக அடித்துக் கெட்டியாக்குங்கள். கூடுமாயின் சீமெந்து இடுங்கள். மண் இளகியிருந்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகிவிடும். பிறகு குவியலை எத்தனை முறை புரட்டினாலும் பயனில்லை. குவியல் நான்கடி அகலமும் நான்கடி உயரமும் உடையதாய் இருத்தல் வேண்டும். இதனிற் சிறியது சூடேறாது. சிறிது சிறிதாகப் பல இடங்களிற் கொட்டுவது மிகத் தீய வழக்கம். அவ்வாறு கொட்டினால் எல்லாமே ‘ஓரம்’ ஆகிவிடும், புழுவைக் கொல்லும் நடுப்பகுதியே இராது.

இலத்தியோடு வைக்கோல், உலர்ந்த புல், கரட் இலை ஆகியவற்றைப் படைபடையாக இட்டு இறுக்கி அடுக்குங்கள். ஈரம் பிழிந்தெடுத்த துணியளவு இருந்தாற் போதும். மேலே கறுப்புப் பொலித்தீன் விரித்து, சுற்றிலும் ஓரத்தைக் கல்லாலும் மண்ணாலும் இடைவெளியின்றி அழுத்திவிடுங்கள். வெயிலில் பொலித்தீனின் கீழே மேற்புறமும் சூடேறும். ஈ உள்ளே நுழைந்து முட்டையிடவும் வழியில்லை. மழைநீரும் உள்ளே இறங்காது. பொலித்தீன் கிடையாதாயின், முன்பே மக்கிய எருவை ஆறங்குலக் கனத்துக்குப் போர்த்துவதும் ஓரளவு உதவும்.

கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், குவியலை முள்ளினாற் புரட்டுங்கள். கண்டபடி கிளறுவது புரட்டுதலன்று. வெளிப்புறத்தில் இருந்தது உட்புறம் போக வேண்டும். உட்புறத்தில் இருந்தது வெளியே வர வேண்டும். கிழமைக்கு ஒருமுறை என்பது ஏனெனில், முட்டையிலிருந்து கூடு வரையுள்ள காலம் ஏறத்தாழ அவ்வளவே. புழு கூடாவதற்கு முன் அதனை நடுச் சூட்டுக்குள் தள்ளிவிட வேண்டும். பத்து நாளுக்கொருமுறை புரட்டுவோர் உழைப்பையும் செலவிட்டு ஈயையும் பறக்கவிடுகின்றனர். சூடு போதுமா என்பதை அறிய விலையுள்ள கருவி வேண்டியதில்லை. இரும்புக் கம்பியொன்றை நடுவரை செலுத்திப் பத்து நிமிடங்கழித்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கையில் வைத்திருக்க முடியாத சூடாயின் குவியல் நன்கு வேலை செய்கிறது. இளஞ்சூடாயின் உலர்ந்திருக்கலாம், சிறிது நீர் தெளித்துப் புதிய இலத்தியைக் கலந்து மறுபடியும் அடுக்குங்கள்.

முதலாம் உலக யுத்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான குதிரைகளை வைத்திருந்த படைகள் இதனையே செய்தன; இலத்தியை இறுக்கி அடுக்கி, பக்கங்களை அடித்து மட்டமாக்கிச் சூடேற்றின. அக்காலத்தில் அமெரிக்காவில் வேறோர் உபாயமும் கைக்கொள்ளப்பட்டது. சலாகைத் தட்டின்மேல் இலத்தியைக் குவித்து நீர் தெளித்துவந்து, கீழே சில அங்குல ஆழத்தில் நீர் தேங்கிய தொட்டியை வைத்தனர். கூடாவதற்கு உலர்ந்த இடந்தேடி இறங்கும் புழுக்கள் தொட்டியில் விழுந்து மாண்டன. இரண்டு மூன்று குதிரைகள் வைத்திருப்போர் மரச்சட்டங்களைக் கொண்டு இதனை எளிதிற் செய்துகொள்ளலாம். ஆனால் தொட்டியை அடிக்கடி இறைத்துச் சுத்தஞ்செய்யாவிடின், ஈ போய் நுளம்பு வந்த கதையாகும். இறைத்த நீரை ஓடையில் விடாமல் குவியலின்மேலேயே ஊற்றிவிடலாம்.

சுண்ணாம்பு தூவினால் புழு சாகும் என்று பலர் நம்புகின்றனர். அது உறுதியான வழியன்று. மேலும், எருவிலுள்ள தழைச்சத்தை ஆவியாக ஓட்டிவிடும். புதிய சாணத்தோடு சுண்ணாம்பைக் கலக்காதீர்கள். கோழிகள் குவியலைக் கிண்டிப் புழுவைப் பொறுக்குவது நன்மையே. ஆயினும் மூடிய குவியலைக் கோழி பிரித்துப்போடாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் குவியல் கறுத்து உதிர்ந்து மண் மணம் வீசும். அப்போதுதான் அது பாத்திக்கு உரியது. கரட்டுக்கும் பீற்றுக்கும் மக்காத எருவிட்டால் கிழங்கு கவர்விட்டுப் பிளவுபடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சையாக உண்ணும் இலைக்கறிக்குப் புதிய எரு இடுவது உண்பவரின் வயிற்றுக்கும் கேடாகும்.

அறுவடைக் கழிவையும் மறந்துவிடலாகாது. கோவாவின் வெளியிலை, லீக்ஸின் கழிவு, அழுகிய உருளைக்கிழங்கு ஆகியவற்றை வேலியோரத்தில் குவித்துவிட்டுப் போவது கொட்டில் ஈக்குப் பந்தி வைப்பதாகும். அவற்றை எருக்குவியலின் நடுவிலே சேருங்கள். அல்லது ஒன்றரையடி ஆழக் குழியிலிட்டு, மேலே ஓரடி மண் போட்டு நன்றாக மிதித்து இறுக்குங்கள். இளகிய மண்ணூடே ஈ மேலேறி வந்துவிடும்.

வீட்டு ஈ ஒரு மைலுக்கு அப்பாலும் பறந்து செல்லவல்லது. ஆகவே தனியொருவர் மட்டும் தன் குவியலைத் திருத்துவதால் முழுப் பயன் விளையாது. அண்டையிலுள்ளோர் சேர்ந்து புரட்டும் நாளொன்றை வைத்துக்கொள்வதும், இலத்தி வாங்குவோரும் விற்போரும் கிழமைக்கு ஒருநாள் தவறாமல் அள்ளுவதென்று பேசிக்கொள்வதும் நன்று. ‘எரு வேண்டுமானால் எப்போதாவது வந்து எடுத்துப்போங்கள்’ என்னும் ஏற்பாடுதான் மலைநாட்டில் ஈயைப் பெருக்கும் பெரிய ஏற்பாடு என்று சொல்லலாம்.

கொட்டிலும் படுக்கையும்

சிறுநீர் தேங்கும் மூலையே கொட்டிலில் முதலிற் பார்க்க வேண்டிய இடம். தரை ஒருபுறம் சரிந்து கானில் வடிய வேண்டும். நனைந்த வைக்கோலை நாள்தோறும் எடுத்துவிட்டு, காய்ந்ததை மாத்திரம் மறுபடியும் விரியுங்கள். மேலே புது வைக்கோலை அடுக்கிக்கொண்டே போனால் பார்வைக்குச் சுத்தமாயிருக்கும். கீழே கொட்டில் ஈ வளரும். தேயிலைத் தோட்டங்களில் மூடாக்குக்கு வளர்க்கும் மானாப்புல்லை நன்றாக உலர்த்திப் படுக்கைக்கு விரிக்கலாம். தீன்தொட்டியின் அடியிற் சிந்திப் புளிக்கும் தவிட்டையும் கூட்டி எடுங்கள். இதனைப் பலர் கவனிப்பதில்லை.

உடலின்மேற் செய்யவேண்டியவை

குதிரையின் வாலும் பிடரி மயிரும் நெற்றி மயிரும் அழகுக்காக மட்டும் அமைந்தவையல்ல. அவை அதன் சாமரம். கோடைக்கு முன் இவற்றைக் கத்தரித்துவிடுவது பெருங்கேடு. இரண்டு குதிரைகளை ஒன்றின் தலைப்பக்கம் மற்றொன்றின் வால் இருக்கும்படி நிழலிற் கட்டிவிட்டால், ஒன்றின் வால் மற்றொன்றின் முகத்துக்கும் விசிறியாகும். தாமாக விடினும் அவை அவ்வாறே நிற்கும்.

வேலை முடிந்ததும் வியர்வையைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள். கண்ணோரத்தைச் சுத்தமான ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு துணி கொள்ளவேண்டும். முகத்துக்கு நுண்ணிய வலையாலான முகமூடி கடைகளிற் கிடைக்காவிடின், நெற்றிப் பட்டையில் நூற்குஞ்சங்களைத் தொங்கவிடலாம். அசையுந்தோறும் அவை ஈயை ஓட்டும். உடலுக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போர்த்தலாம். வெள்ளையென்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பெரிய குதிரையீ கருநிற விலங்கையே மிகுதியாக நாடும். 2019ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கறுப்பு மாடுகளின்மேல் வரிக்குதிரைபோல் வெள்ளைக் கோடுகள் தீட்டிப் பார்த்தபோது, ஈக்கடி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கேட்கச் சிரிப்பாயிருக்கலாம், ஆனால் செய்து கண்ட உண்மை.

அந்தக் குதிரையீயின் கருநிற ஆசையைக் கொண்டே அதனைப் பிடிக்கவும் இயலும். பிள்ளைகளின் பழைய பந்தொன்றுக்குப் பளபளப்பான கறுப்பு வர்ணம் பூசி, வெயிலிற் காற்றில் அசையும்படி இடுப்பளவு உயரத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் கவிழ்த்த புனல்போன்ற வெண்துணிக் கூடாரமும், உச்சியில் ஒரு தெளிந்த போத்தலும் கட்டுங்கள். பந்தை விலங்கென்று எண்ணி வரும் ஈ, பின் மேனோக்கிப் பறந்து போத்தலுக்குள் அகப்படும். வீட்டு ஈயைப் பிடிக்கும் நாற்றப்பொறியையோ கொட்டிலுக்குள் வைக்காதீர்கள். அது வெளியிலுள்ள ஈயையும் உள்ளே அழைக்கும். தள்ளியே தொங்கவிடுங்கள்.

சித்திரனெல்லா எண்ணெய், வேப்பெண்ணெய் முதலியவற்றைத் தேங்காயெண்ணெயிற் சிறிதளவாகக் கலந்து பூசும் வழக்கம் உண்டு. இவை ஈயை ஓட்டும். ஆயினும் ஓரிரு மணித்தியாலங்களில் வீரியம் குறைந்துவிடும். முதலில் உள்ளங்கையளவு இடத்திற் பூசி ஒருநாள் பார்த்து, தோல் தடியாவிட்டால் மட்டுமே மற்ற இடங்களிற் பூச வேண்டும். கண்ணருகிலும் சேணம் உராயும் இடத்திலும் பூசலாகாது. மூட்டம் போட்டுப் புகை காட்டுவது திறந்த வெளியில் மாலை வேளைக்கு ஏற்றது; மூடிய கொட்டிலில் அது குதிரையின் மூச்சைக் கெடுக்கும், வைக்கோலிற் தீயும் பற்றும்.

நஞ்சைப் பற்றிய எச்சரிக்கை

இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தை ‘இதுவும் பூச்சிதானே’ என்று விலங்கின்மேல் தெளிப்போர் உளர். எக்காரணங்கொண்டும் அவ்வாறு செய்யாதீர்கள். அம்மருந்துகளிற் பல தோலின்வழியே உடலிற் சேர்ந்து நரம்பைத் தாக்கும். எச்சில் வடிதல், மிகுந்த வியர்வை, உடல் நடுக்கம், கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை அதன் குறிகள். பால்மாடாயின் நஞ்சு பாலிலும் இறங்கும். அந்தப் பாலை முதலிற் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளையே. தவறுதலாகத் தெளிபட்டுவிட்டால், கையுறை அணிந்து சவர்க்காரமும் நிறைந்த நீரும் கொண்டு கழுவி, மருந்துப் போத்தலைக் கையிலெடுத்துக்கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள். போத்தலின் பெயர்ச்சீட்டைப் பார்த்தே அவர் மாற்று மருந்தைத் தீர்மானிக்க இயலும்.

மாட்டுக்குப் பொருந்துவது குதிரைக்கும் பொருந்தும் என்னும் விதிக்கு விலக்கு இங்கேதான் வருகிறது. மாட்டின் உண்ணிக்கு நீரிற் கலந்து தெளிக்கும் அமிட்ராஸ் என்னும் மருந்து மாட்டுக்குத் தீங்கு செய்யாது. குதிரையின் மேற்பட்டாலோ குடலின் அசைவை நிறுத்தி, இலத்தி இறுகி, குதிரை வலியால் உருண்டு மாண்டுபோகவுங்கூடும். மாடும் குதிரையும் ஒரே கொட்டிலில் நிற்கும் வீடுகளில் மருந்து கலக்கிய வாளியையும் தும்பையும் தனியே வைத்திருங்கள். பழைய இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவையும் தோலைச் சுடும்; அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

ஈக்கென்று குதிரைக்குத் தயாரிக்கப்பட்ட பெர்மெத்ரின் போன்ற மருந்துகளைக் கால்நடை வைத்தியரின் சொற்படி, பெயர்ச்சீட்டில் உள்ள அளவிற் பயன்படுத்தலாம். அவை பூனைக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. தெளித்த குதிரையை ஓடையிலோ வாவியிலோ இறக்கிக் கழுவலாகாது. ஆண்டு முழுவதும் ஒரே மருந்தையே நம்பியிருப்பதும் ஆகாது. டீ.டீ.ரீ. மருந்து 1940களில் அற்புதம் எனக் கொண்டாடப்பட்டு, அப்பத்தாண்டு முடிவதற்குள்ளேயே சுவீடன், இத்தாலி முதலிய நாடுகளில் வீட்டு ஈக்கள் அதற்கு அஞ்சாதவையாயின. குவியலின் சூட்டுக்கு அஞ்சாத புழு மாத்திரம் இன்னும் பிறக்கவில்லை.

புண்ணும் நோயும்

ஈக்காலத்தில் சிறு கீறலையும் அன்றே கவனிக்க வேண்டும். உப்பிட்டுக் காய்ச்சி ஆற்றிய நீரால் கழுவி, ஈ மொய்க்காதபடி காத்துக்கொள்ளுங்கள். புண்ணில் துர்நாற்றமோ, உள்ளே நெளியும் புழுவோ தெரிந்தால் நீங்களாகக் குத்திக் கிளறாதீர்கள். உயிர்த்தசையையே தின்னும் புழுவை இடும் ஈயும் நம் நாட்டில் உண்டு. அதற்கு வைத்தியர் கையே வேண்டும். கண்ணின் உள்மூலையிலோ காலிலோ புண் ஆறாமல் சதை தடித்து, மஞ்சளான மணல்போன்ற துகள்கள் தோன்றினால், அது இலத்தியிலிருந்து ஈயின் உடலுட் சென்று புண்ணில் இறங்கும் வயிற்றுப் புழுவின் வேலையாக இருக்கலாம். இங்கும் எருக்குவியலே மூலம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே தைலம் பூசிக்கொண்டிருந்தால் ஆறாது. உட்கொள்ளும் புழு மருந்தும் வேண்டும்.

மாடுகளில் 2020ஆம் ஆண்டு வடமாகாணத்திற் தோன்றிப் பரவிய தோற்கழலை நோயைக் கொண்டுசென்றவற்றுள் இரத்தம் குடிக்கும் ஈயும் ஒன்று. குதிரைக்கு அந்நோய் வருவதில்லை. மாட்டின் உடலில் காய்ச்சலோடு கழலைகள் எழக் கண்டால், அதனை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டி, உங்கள் பிரதேச அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நோய்க்குத் தடுப்பூசி உண்டு.

கடைசியாக, இலத்தி அள்ளுவோருக்கு ஒரு சொல். குதிரையின் இலத்தியிலும் அது சேர்ந்த மண்ணிலும் ஏர்ப்பு நோயின் கிருமி தங்கியிருக்கும். வெறுங்காலோடு குவியலில் ஏறி முள்ளாற் புரட்டுவோர் பலரைத் தோட்டங்களிற் காண்கிறோம். பாதத்தை மூடிய சப்பாத்து அணியுங்கள். கையிலோ காலிலோ முள் ஏறிக் காயம்பட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏர்ப்புத் தடுப்பூசி கடைசியாக எந்த ஆண்டு போட்டதென்று தெரியாவிட்டால், அன்றைக்கே தோட்ட வைத்தியசாலைக்கோ அரசாங்க வைத்தியசாலைக்கோ போய்க் கேளுங்கள்.